அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை: பெர்க்லி, 1969 – ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவ உளவியல் படிப்பவர்கள் முதல் ஆண்டிலேயே கேள்விப்பட்டுவிடும் டாரசாஃப் வழக்கு இது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மனநலச் சிகிச்சையில் இருந்த மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டு, பிறகு அவரைக் கொன்றார். "நோயாளி ஒருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால், கொல்லப்படவிருப்பவரை எச்சரிக்க வேண்டும்" என்று ஒரே வரியாகச் சுருக்கித் தேர்வில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். தீர்ப்பை உட்கார்ந்து வாசித்தால் அந்த வரி பாதிகூடச் சரியில்லை என்று தெரிகிறது. ரகசியத்தைக் காப்பதா, எச்சரிப்பதா என்ற மோதலாகவே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே ரகசியம் காக்கப்படவே இல்லை. நோயாளி சொன்னது இரண்டு மருத்துவர்களுக்கும், காவலர்களுக்கும், துறைத் தலைவருக்கும் போய்ச் சேர்ந்தது. போகாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. நமக்குத் தேவையானது நடந்த வரிசையும் எடுத்த முடிவுகளும்தான். ஆகவே மாணவர், அந்தப் பெண், உளவியலாளர், துறைத் தலைவர் என்றே எழுதுகிறேன்.

பின்னணி: ஏழு வாரமே ஆன சட்டம்

1960கள் வரை கலிபோர்னியாவில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அரசு மனநல மருத்துவமனையில் சேர்ப்பது எளிதாக இருந்தது. சேர்த்தபின் எப்போது வெளியே வருவார் என்பதற்குக் கணக்கு இல்லை. இதை மாற்ற மாநிலச் சட்டமன்றத்தில் மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து கொண்டுவந்ததுதான் லான்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டம். அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் 1967இல் கையெழுத்திட்டார். 1969 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் 5150ஆம் பிரிவு இன்று அமெரிக்கப் பேச்சு வழக்கிலேயே நுழைந்துவிட்ட எண். மனநலக் கோளாறால் ஒருவர் பிறருக்கோ தனக்கோ ஆபத்தாக இருந்தால், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருந்தால், அவரை 72 மணி நேரம் வரை தடுத்து வைத்துப் பரிசோதிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் தனி நடைமுறை, தனிக் காரணம், நோயாளிக்கு நீதிமன்றத்தை அணுகும் உரிமை. அதாவது, அடைப்பதைக் கடினமாக்கவே எழுதப்பட்ட சட்டம். அதில் தவறு காண எனக்கு மனமில்லை. அதற்கு முந்தைய காலத்தின் கதைகளைப் படித்தவர்கள் யாரும் காண மாட்டார்கள்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமான விவரம் வேறு. அப்படித் தடுத்து வைக்கும் அதிகாரம் காவல் அதிகாரிக்கும், பரிசோதனை நிலையத்தின் ஊழியர்களுக்கும், மாவட்ட நிர்வாகம் குறித்துக்கொடுத்தவர்களுக்கும் மட்டுமே இருந்தது. சிகிச்சை கொடுக்கும் உளவியலாளர் என்பதாலேயே ஒருவருக்கு அந்த அதிகாரம் வந்துவிடாது. அவர் கேட்கலாம், எழுதலாம். பிடித்துக்கொண்டு போவது வேறொருவர் வேலை. நாம் பார்க்கப்போகும் கடிதம் எழுதப்பட்டபோது இந்தச் சட்டத்துக்கு வயது ஏழு வாரம்.

மாணவர்

இந்தியாவில் வங்காளத்திலிருந்து 1967இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு மேற்படிப்புக்கு வந்தவர். கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் இன்டர்நேஷனல் ஹவுஸில் அறை. 1968 இலையுதிர் காலத்தில் அங்கே நடந்த நாட்டுப்புற நடன வகுப்புகளில் அந்தப் பெண்ணைச் சந்தித்தார். வாரா வாரம் பார்த்துக்கொண்டார்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு அவர் மாணவருக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

அவருக்கு அது புத்தாண்டு முத்தம். மாணவருக்கு அது வாக்குறுதி. தன் நினைப்பை மாணவர் சொன்னபோது, அந்தப் பெண் மறைக்காமல் பதில் சொன்னார்: எனக்கு வேறு நண்பர்கள் உண்டு, உங்களோடு அப்படியான உறவில் விருப்பம் இல்லை.

இந்த இடத்தில் பண்பாட்டு இடைவெளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் எத்தனையோ இந்திய மாணவர்கள் அந்த ஆண்டு அந்த வளாகத்தில் ஏமாற்றம் அடைந்திருப்பார்கள். அழுதுவிட்டுப் படிப்பைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு அதன்பின் நடந்தது வேறு வகை. சாப்பாடு, உடை, படிப்பு எல்லாம் கைவிட்டுப் போயின. தனியாகவே இருந்தார். தொடர்பில்லாமல் பேசினார், அழுதார். எப்போதாவது அந்தப் பெண்ணைச் சந்தித்தால் உரையாடலை ஒலிப்பதிவு செய்துகொண்டு, அவர் ஏன் தன்னைக் காதலிக்கவில்லை என்று கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பக் கேட்டார். 1969 வசந்தம் முழுக்க இப்படியே போயிற்று.

கோடையில் அந்தப் பெண் பிரேசிலுக்குப் போனார். மாணவர் கொஞ்சம் தேறினார். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில் வளாகத்திலேயே இருந்த கவல் நினைவு மருத்துவமனையில் வெளிநோயாளியாகச் சேர்ந்தார்.

சிகிச்சை அறையில் கண்டது

முதலில் ஒரு மனநல மருத்துவர் பரிசோதித்தார். மருந்து தொடங்கப்பட்டது. தொடர் சிகிச்சை ஓர் உளவியலாளரிடம் போயிற்று. கோடை முழுக்கச் சில அமர்வுகள் நடந்தன.

ஆகஸ்ட் 20ஆம் தேதியன்று மாணவர், ஒரு பெண் ஊர் திரும்பியதும் அவளைக் கொல்லப்போவதாக உளவியலாளரிடம் சொன்னார் என்கிறது வழக்கு மனு. பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யார் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. துப்பாக்கி வாங்கும் எண்ணத்தை நண்பர் ஒருவரிடமும் சொல்லியிருந்தார். அது உளவியலாளர் காதுக்கும் வந்திருந்தது.

வகுப்பில் இதைப் பேசும்போது நான் மாணவர்களை இங்கேயே நிறுத்திவிடுவேன். கோடையில் நோயாளி "தேறினார்" என்ற குறிப்பை மறுபடி பாருங்கள். எதனால் தேறினார்? மருந்தாலா, பேச்சாலா, அந்தப் பெண் கண்டம் தாண்டி இருந்ததாலா? கடைசிக் காரணம் என்றால் அந்தத் தேறலுக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. விமானம் திரும்பும் தேதி. மிரட்டலே அந்தத் தேதியோடு கட்டப்பட்டிருந்தது. ஆபத்தை மதிப்பிடும்போது "இன்று எப்படி இருக்கிறார்" என்று மட்டும் பார்த்தால் ஆகஸ்டில் கிடைக்கும் விடை அக்டோபருக்குப் பொருந்தாது.

முதல் முடிவு: அடைக்கக் கேட்பது

உளவியலாளர் தனியாக முடிவெடுக்கவில்லை. முதலில் பரிசோதித்த மருத்துவரிடமும், துறைத் தலைவரின் உதவி மருத்துவரிடமும் கலந்து பேசினார். மூவரும் ஒரே கருத்துக்கு வந்தார்கள்: கண்காணிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வளாகக் காவலர்கள் இருவரிடம் முதலில் வாயால் சொன்னார். பிறகு வளாகக் காவல் தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் நன்றாகவே எழுதப்பட்ட கடிதம். கடுமையான பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா (ஆதாரமற்ற சந்தேகங்கள் மிகுந்த மனச்சிதைவு நோய்) என்று நோயறுதி இருந்தது. தனக்குத் துரோகம் செய்துவிட்டதாக நம்பும் ஒரு பெண்ணைக் கொல்வதாக மிரட்டுகிறார் என்று இருந்தது. பிறருக்கும் தனக்கும் ஆபத்தானவர் என்று தெளிவாக இருந்தது. இன்னொரு வாக்கியம்: அவர் நிலை மாறிக்கொண்டே இருக்கிறது, சில நேரம் முழுத் தெளிவோடு தெரிவார், சில நேரம் முற்றிலும் பிறழ்ந்த நிலையில் இருப்பார் என்ற பொருளில்.

ரகசியத்தை உடைப்பது என்ற பெரிய முடிவு இங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதைக் காவல்துறையை நோக்கி மட்டும் எடுத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. புதிய சட்டம் காட்டிய வழி அது ஒன்றுதான்: ஆபத்தா, 72 மணி நேரம் தடுத்து வை. ஆபத்துக்குள்ளாகும் மூன்றாவது ஆளைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. சட்டத்தில் இல்லாதது அந்த மூவரின் பேச்சிலும் வரவில்லை என்றுதான் நடந்ததைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

இரண்டாவது முடிவு: காவலர்கள்

மூன்று காவலர்கள் போய் மாணவரைப் பிடித்தார்கள். பேசினார்கள். தெளிவாகப் பேசினார். அந்தப் பெண்ணை விட்டு விலகி இருப்பதாக வாக்குக் கொடுத்தார். விட்டுவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் முன்னால் இருந்தது ஒரு பொறியியல் மாணவர். மரியாதையாக, கோர்வையாகப் பதில் சொன்னவர். "சில நேரம் தெளிவோடு தெரிவார்" என்று கடிதம் சொன்னது ஓர் எச்சரிக்கை. காவலர்கள் கண்டது அந்தத் தெளிவைத்தான். அதைக் கண்டு நிம்மதி அடைந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கடிதத்தின் முதல் வரியாக வைத்து, "நீங்கள் பார்க்கும்போது இவர் சாதாரணமாகத் தெரிந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள், எனக்குப் பேசுங்கள்" என்று சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மருத்துவக் கடிதங்களை நாம் நம் தொழில்காரர்கள் படிப்பதுபோலவே எழுதுகிறோம். காவல் நிலையத்தில் அதை வாசிப்பவர் தேடுவது என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி.

மூன்றாவது முடிவு: துறைத் தலைவர்

அதன்பின் மருத்துவமனையின் மனநலத் துறைத் தலைவர் தலையிட்டார். கடிதத்தைத் திருப்பித் தரும்படி காவல்துறையைக் கேட்டார். கடிதத்தின் எல்லாப் பிரதிகளையும், உளவியலாளர் எடுத்திருந்த சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். மாணவரை 72 மணி நேரப் பரிசோதனைக்கு அனுப்ப எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

ரகசியம் மீறப்பட்டதே அவரைக் கோபப்படுத்தியது என்று ஊகிக்கலாம். தீர்ப்பில் காரணம் சொல்லப்படவில்லை. மூன்று பேர் கலந்தெடுத்த மருத்துவ முடிவை நான்காமவர் மாற்றினார். மாற்றியதற்கான காரணம் எழுத்தில் இல்லை. மாற்றப்பட்ட முடிவின் தடயத்தையும் அழிக்கச் சொன்னார். அடைக்க வேண்டாம் என்பது நியாயமான மருத்துவக் கருத்தாக இருந்திருக்கலாம். குறிப்பை அழிப்பது எந்தக் கருத்தின் கீழும் வராது.

நடந்தது

மாணவர் சிகிச்சைக்குத் திரும்பி வரவில்லை. தான் பேசியது காவலர்கள் கையில் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகு அவர் ஏன் வருவார்?

பதிலாக வேறொன்று செய்தார். அந்தப் பெண்ணின் சகோதரரோடு நட்பாகி, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்திலேயே தானும் சகோதரரும் சேர்ந்து குடியிருக்கச் சம்மதிக்க வைத்தார். சகோதரருக்கு எதுவும் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது.

அக்டோபர் 27ஆம் தேதி மாணவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அவர் பேச மறுத்தார். மாணவர் குண்டு போட்ட காற்றுத் துப்பாக்கியால் சுட்டார், ஓடிய பெண்ணைத் துரத்திக் கத்தியால் குத்தினார். பிறகு தானே காவல்துறையை அழைத்தார்.

மிரட்டலுக்கும் கொலைக்கும் இடையே பத்து வாரத்துக்குச் சற்றுக் குறைவு.

நீதிமன்றங்கள்

குற்ற வழக்கில் இரண்டாம் நிலைக் கொலை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. நோயால் குன்றிய மனத்திறன் பற்றி நடுவர்களுக்கு நீதிபதி தந்த விளக்கம் போதவில்லை என்று 1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணை நடத்தவில்லை. இந்தியாவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டில் அவர் விடுவிக்கப்பட்டார், திரும்பினார்.

அந்தப் பெண்ணின் பெற்றோர் தொடுத்த இழப்பீட்டு வழக்குதான் உளவியல் உலகை உலுக்கியது. குடும்பத்தின் பெயரால் டாரசாஃப் வழக்கு என்று சட்ட வட்டாரத்தில் வழங்குகிறது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு, மருத்துவர்கள், காவலர்கள் எல்லோர் மேலும் வழக்கு. கீழ் நீதிமன்றம் மனுவையே ஏற்க மறுத்தது: அந்தப் பெண் உங்கள் நோயாளி இல்லை, அவருக்கு நீங்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. மேல்முறையீட்டிலும் அதே பதில். மனுவில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்ற கேள்வியோடுதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நடந்ததாக நான் மேலே எழுதியவற்றில் கணிசமான பகுதி அந்த மனுவிலிருந்து வருவது. சாட்சிகளை வைத்து முழு விசாரணை ஒருபோதும் நடக்கவில்லை. வாசிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1974 டிசம்பரில் வந்த முதல் தீர்ப்பு: எச்சரிக்கும் கடமை உண்டு. காவலர்களும் பொறுப்பாகலாம். மனநல மருத்துவர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. வன்முறையை எங்களால் துல்லியமாகக் கணிக்கவே முடியாது, எப்படிக் கடமை சுமத்துகிறீர்கள் என்றன. நீதிமன்றம் அபூர்வமாக மறுபடி விசாரிக்கச் சம்மதித்தது.

1976 ஜூலை 1ஆம் தேதி வந்த இரண்டாவது தீர்ப்புதான் இன்றும் நிற்பது. நீதிபதி மேத்யூ டோப்ரினர் எழுதியது. நோயாளியால் இன்னொருவருக்குக் கடும் வன்முறை ஆபத்து என்று சிகிச்சையாளர் அறிந்தால், அல்லது தொழில் தரப்படி அறிந்திருக்க வேண்டும் என்றால், அந்த இன்னொருவரைக் காக்க நியாயமான அக்கறை எடுக்கும் கடமை அவருக்கு வருகிறது. அது எச்சரிக்கையாக இருக்கலாம், காவல்துறைக்குத் தகவலாக இருக்கலாம், சூழ்நிலைக்கு ஏற்ற வேறு நடவடிக்கையாகவும் இருக்கலாம். கடமையின் பெயர் "எச்சரித்தல்" என்பதிலிருந்து "காத்தல்" என்று மாறியது. பொது ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியப் பாதுகாப்பு முடிகிறது என்ற வாசகம் இதில் வருகிறது. காவலர்கள் இம்முறை பொறுப்பிலிருந்து விடுபட்டார்கள்.

பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று இந்தத் தீர்ப்பில் உண்டு. மாணவரை அடைக்காமல் விட்டதற்காக மருத்துவர்கள் மேல் வழக்கு நிற்காது என்றது நீதிமன்றம். அடைப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு அரசு ஊழியர்களுக்கு மாநிலச் சட்டமே பாதுகாப்பு தந்திருந்தது. எச்சரிக்காமல் விட்டதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகஸ்டில் எல்லோரும் மல்லுக்கட்டியது அடைப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு. சட்டம் கடைசியில் கணக்குக் கேட்டது யாரும் எழுப்பாத கேள்விக்கு.

நீதிபதி வில்லியம் கிளார்க்கின் மாறுபட்ட தீர்ப்பையும் படிக்க வேண்டும். ரகசியம் போய்விட்டால் ஆபத்தானவர்கள் சிகிச்சைக்கே வர மாட்டார்கள், வந்தாலும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பயந்துபோன மருத்துவர்கள் தேவையில்லாமல் ஆட்களை அடைப்பார்கள். வன்முறை கூடும் என்றார். இந்த மாணவர் காவலர்கள் வந்துபோனதும் சிகிச்சையை விட்டதை நினைத்தால் அந்த வாதத்தைத் தூக்கிப் போட முடியவில்லை.

விசாரணைக்கு முன்பே வழக்கு சமரசத்தில் முடிந்தது.

சட்டமன்றம் பின்னால் வந்தது

தீர்ப்புக்குப் பிறகு கடமையின் எல்லை எது என்பதில் குழப்பம். யாரென்று குறிப்பிடாமல் பொதுவாக மிரட்டினால்? 1980இல் அதே நீதிமன்றம், குறிப்பிட்ட ஆள் இல்லையென்றால் எச்சரிக்கும் கடமை இல்லை என்றது. தாக்கப்பட்டவரோடு இருந்த குழந்தைக்கு? 1983இல் அந்தக் குழந்தைக்கும் கடமை உண்டு என்றது. எல்லை எங்கே நிற்கும் என்று சிகிச்சையாளர்களுக்குத் தெரியவில்லை.

1985இல் கலிபோர்னியா சட்டமன்றம் சிவில் சட்டத்தில் 43.92 என்ற பிரிவைச் சேர்த்தது. நோயாளி, அடையாளம் காணக்கூடிய ஒருவர் மேல் கடும் உடல் வன்முறை மிரட்டலைச் சிகிச்சையாளரிடம் வெளிப்படுத்தியிருந்தால் மட்டுமே பொறுப்பு. அப்போதும், அந்த ஆளுக்கும் காவல்துறைக்கும் தகவல் சேர்க்க நியாயமான முயற்சி செய்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. இந்த "உம்"மைக் கவனியுங்கள். காவல்துறைக்கு மட்டும் சொன்னால் போதாது. 1969இல் நடந்தது அதுதானே.

2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நோயாளியின் தந்தை சிகிச்சையாளரிடம் சொன்ன மிரட்டலும் கணக்கில் வரும் என்றது. 2013 முதல் பிரிவின் வாசகத்தில் "எச்சரித்துக் காக்கும் கடமை" என்பது "காக்கும் கடமை" என்று திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து, இப்படியான மிரட்டலைச் சிகிச்சையாளர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், மிரட்டியவர் ஐந்து ஆண்டு துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றும் வந்தது.

எல்லா மாநிலமும் இந்த வழியில் போகவில்லை. டெக்சஸில் சட்டம், மருத்துவத் துறையினருக்கோ காவலர்களுக்கோ சொல்லலாம் என்று அனுமதிக்கிறது, கட்டாயம் இல்லை. 1999இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கலிபோர்னியாவின் கடமையை ஏற்க மறுத்தது. மிரட்டப்பட்டவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒரே நாட்டில், ஒரே பட்டம் பெற்ற இரண்டு உளவியலாளர்கள், மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடமையோடும் அந்தப் பக்கம் இன்னொன்றோடும் வேலை செய்கிறார்கள்.

நம் சட்டத்தில் இது எங்கே

இந்தியாவில் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 நாடாளுமன்றச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசிய உரிமையைச் சொல்லி, விதிவிலக்குகளையும் அடுக்குகிறது. இன்னொருவரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காக்கத் தேவையென்றால் தகவல் தரலாம். அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். அனுமதிதான், கலிபோர்னியா போல யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற வரையறை இல்லை.

அடைப்பதிலும் 1969ஐ ஒத்த நிலைமைதான். 94ஆம் பிரிவின் அவசரச் சிகிச்சை, பொதுவாக 72 மணி நேரம், பதிவுபெற்ற மருத்துவர் கையில். 89ஆம் பிரிவில் ஆதரவுடன் சேர்ப்பதற்கு (நோயாளியின் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது), அண்மையில் வன்முறையில் இறங்கியதோ பிறரை உடல் தீங்குக்கு அஞ்ச வைத்ததோ ஒரு காரணம். மனநல மருத்துவரின் பரிசோதனை கட்டாயம். 100ஆம் பிரிவு காவல் அதிகாரிக்குப் பாதுகாப்பில் எடுக்கும் கடமை தருகிறது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ தனியாக அறை வைத்திருக்கும் உளவியலாளர் இன்றும் ஒரு கடிதத்தைத்தான் எழுத முடியும்.

ஆனால் நம் ஊரில் ரகசியம் ஒழுகும் இடமே வேறு. அப்பா, அம்மா, மாமா என்று நாலு பேர் கூட வருவார்கள். பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு "அவன் என்ன சொன்னான் மேடம்?" என்பார்கள். தாழ்வாரத்தில் நின்றபடி, தேவையில்லாததையெல்லாம் சொல்லிவிடுகிறோம். தேவைப்படும் ஒருவருக்கு ஃபோன் பண்ண வேண்டிய நாளில் மட்டும் சட்டப் பிரிவு நினைவுக்கு வருகிறது.

என்ன மாற்றிச் செய்யலாம்

கலந்து பேசியது, எழுதியது, நோயறுதியை மறைக்காமல் சொன்னது எல்லாம் அந்த உளவியலாளர் சரியாகச் செய்தவை. குறை, அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இன்னொரு அடி இல்லாததுதான். "தடுத்து வைக்கவில்லை என்றால்?" என்ற கேள்வியை மூவரும் கூடிப் பேசிய அன்றே கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாமல் ரகசியத்தை உடைத்தால் நோயாளியின் நம்பிக்கை போகும், யாருக்கும் பாதுகாப்பும் வராது. இங்கே இரண்டும் நடந்தன.

நோயாளியிடமே முதலில் சொல்வது நான் கடைப்பிடிக்கும் முறை. "இதை நான் இன்னாரிடம் சொல்லப்போகிறேன், நீங்களும் இங்கேயே இருங்கள்" என்றால் எல்லோரும் எழுந்து போய்விடுவதில்லை. பலருக்கு அது ஒருவித நிம்மதி. சொன்ன பிறகு அடுத்த அமர்வைத் தள்ளிப் போடாமல் முன்னதாகவே வைக்க வேண்டும். ஆபத்து கூடியிருக்கும்போது சிகிச்சை நெருக்கமாக வேண்டும்.

எச்சரிப்பது மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. இருபது வயதை ஒட்டிய ஒரு பெண்ணுக்கு ஃபோன் செய்து "உங்கள் உயிருக்கு ஆபத்து" என்று வைத்துவிட்டால் அவர் என்ன செய்வார்? எங்கே தங்குவது, யாரிடம் புகார் கொடுப்பது, வீட்டில் யாருக்குத் தெரிய வேண்டும் என்று உடனிருந்து பேச வேண்டும். சகோதரருக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அந்த வீட்டை அவர் பகிர்ந்திருக்க மாட்டார்.

மேலதிகாரி முடிவை மாற்றலாம். காரணத்தை நோயாளியின் கோப்பில் கையெழுத்தோடு எழுதிவிட்டு மாற்றட்டும். எந்தக் காகிதமும் கிழிக்கப்படக் கூடாது.

என் அறையில் முதல் அமர்வில் எல்லோரிடமும் ஒன்று சொல்கிறேன். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளியே போகாது. ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் போகும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்." பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் நிறுத்தி, "யாருகிட்ட போகும்?" என்று கேட்பார். முன்பெல்லாம் "டாக்டர்கிட்ட, தேவைப்பட்டா போலீஸ்கிட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வழக்கை முழுதாகப் படித்த பிறகு, "யாருக்கு ஆபத்தோ, அவங்ககிட்டயும்" என்று சேர்த்துக்கொண்டேன்.